பணிவும் துணிவும்: தோர்ணக்கல் அசரியா

ஒருவரைப் பணிவுடையவர் என்று யாரேனும் பாராட்டினால், பாராட்டுகிறவர் யார் என்பதையும் சற்றுக் கவனிப்பது நல்லது. ஆளுகின்றவர் ஆளப்படுகின்றவரைப் பார்த்து, "மிகவும் பணிவான மனிதர்" என்று சொன்னால், பெரும்பாலும் அதற்கு "நமக்குத் தொல்லை கொடுக்காதவர்" என்பதே பொருள். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இத்தகைய நற்சான்று நம் நாட்டவர் பலருக்குத் தாராளமாகக் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

கிறிஸ்தவ சமயத்தில் பணிவு என்பது தலைமைக்குரிய முதல் இலக்கணமாகச் சொல்லப்படுகிறது. சீடர்களின் பாதங்களைக் கழுவிய குருவைப் பின்பற்றுகிறோம் என்று கூறுவோர் அவ்விலக்கணத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. அப்படியானால், அடிமைப்பட்ட ஒரு நாட்டிலே பிறந்து, ஆளும் இனத்தாரின் திருச்சபையிலே தலைமை ஏற்க வந்த ஒருவர் என்ன செய்வார்? அவர் பணிவாகவும் இருக்க வேண்டும். அந்தப் பணிவு அடிமைத்தனமாகவும் போய்விடக் கூடாது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தச் சிக்கலுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகக் கொடுத்த ஒரு தமிழரைப் பற்றி இன்று சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பிஷப் பதவியை, அதாவது அத்தியட்சர் பதவியை, முதன்முதலில் பெற்ற இந்தியர் அவரே.

திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கே, பனைகளும் செம்மணல் தேரிகளும் நிறைந்த பகுதியில் உள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குருவானவர். தாயார் எலன் அம்மையார் பக்தியிலும் கண்டிப்பிலும் பெயர் பெற்றவர். மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்த பின், அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து கணிதம் பயின்றார். ஆனால் பட்டம் பெறவில்லை. பட்டம் இல்லாமலே வெளியேறிய அந்த மாணவருக்கு 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது என்பதை, தேர்வை நினைத்து அஞ்சிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்காக இங்கேயே சொல்லி வைக்கிறேன். அதைக் கேட்டுப் படிப்பை விட்டுவிட வேண்டாம்!

1895இல் அவர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில், அதாவது ஒய்.எம்.சி.ஏ.வில், செயலாளராகச் சேர்ந்தார். தென்னாடு முழுவதும் சுற்றிப் பேசுவதும், இளைஞர்களைத் திரட்டுவதும் அவருடைய வேலை. அங்கேதான் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க இளைஞர் அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து பயணம் செய்தனர். வெள்ளையர் ஒருவர் ஓர் இந்தியருக்கு எசமானராகவோ புரவலராகவோ இல்லாமல் தோழராக இருக்க முடியும் என்பதை அசரியா இந்த நட்பிலிருந்தே அறிந்துகொண்டார். பின்னாளில் அவர் உலக சபை ஒன்றில் எதைக் கேட்டாரோ, அதை முன்பே ஒருமுறை சுவைத்துப் பார்த்தவர் அவர். இதை நாம் மறந்துவிடக் கூடாது. 1898இல், அக்காலத்தில் கல்லூரிக் கல்வி கண்ட மிகச் சில பெண்களுள் ஒருவரான அன்பு மரியம்மாளை மணந்தார்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அந்தப் பயணம் அவர் கண்களைத் திறந்தது. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தமக்குள் ஒரு சங்கம் அமைத்து, தங்கள் கைக்காசைச் சேர்த்து, கடலுக்கு இப்பால் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியரை அனுப்பி வந்தனர். சிறிய தீவின் ஒரு மூலையில் இருப்பவர்கள் இந்தியாவுக்கு மிஷனெரிகளை அனுப்புகிறார்கள். பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்களாக உள்ள திருநெல்வேலியார் யாரை எங்கே அனுப்பினார்கள்? அசரியாவுக்கு வெட்கமாயிருந்தது. அந்த வெட்கத்தின் பயனாக மறு ஆண்டு, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1905 டிசம்பர் 25ஆம் நாள், வங்காளத்தில் வில்லியம் கேரி வாழ்ந்த சீராம்பூரில், இந்தியத் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, அதிலும் அசரியா முன்னின்றார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே இச்சங்கங்களின் கொள்கை. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்த ஆண்டும் 1905தான் என்பதை வரலாறு படிப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

திருநெல்வேலிச் சங்கம் தன் பணிக்களமாகத் தேர்ந்தெடுத்த இடம், அன்றைய ஐதராபாத் நிஜாம் ஆட்சியில் வாரங்கல் பக்கத்தில் இருந்த தோர்ணக்கல். இன்று அது தெலங்கானா மாநிலத்தில் உள்ளது. சிங்கரேணி நிலக்கரிக்காக இருப்புப்பாதை பிரிகின்ற ஒரு சந்திப்பு நிலையம். அதைச் சுற்றிலும் வறண்ட நிலம். மொழி தெலுங்கு. பள்ளிகளும் கோபுரம் வைத்த தேவாலயங்களும் மலிந்த திருநெல்வேலியிலிருந்து பார்த்தால், அது உலகத்தின் மறுகோடி.

சில ஆண்டுகள் அசரியா சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சென்று, "தோர்ணக்கலுக்குப் போக ஆட்கள் வேண்டும்" என்று இளைஞர்களை அழைத்து வந்தார். இவ்வாறு பிறரை அழைக்கின்றவருக்கு என்றேனும் ஒரு நாள் தம் குரலே தம் காதில் விழும். அசரியாவுக்கு அது விழுந்தது. பேசத் தெரிந்தவர், உலகத் தலைவர்கள் பலரை அறிந்தவர், நாடு முழுவதும் மதிக்கப்பட்டவர், 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுவிட்டுக் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கலுக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது முப்பத்தைந்து. மேடையில் ஆங்கிலத்தில் முழங்கியவர், அங்கே கிராமத்துப் பிள்ளைகள் சிரிக்கக் கூடிய அளவில் தெலுங்கில் தட்டுத் தடுமாற வேண்டியிருந்தது. பெரியோர் முன்னிலையில் கடைசி நாற்காலியில் அமர்வது ஒருவகைப் பணிவுதான். அதைப் பலரும் செய்வார்கள், அமர்ந்ததைப் பிறர் கவனிக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்வார்கள். தமக்குத் திறமை உள்ள இடத்தைவிட்டு, தாம் தொடக்க மாணவராக நிற்க வேண்டிய இடத்துக்குப் போவது வேறு வகை. இந்த இரண்டாம் வகையை அசரியாவிடம் காண்கிறோம்.

மறு ஆண்டு, 1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்த பிரதிநிதிகள் சுமார் 1200 பேர். பெரும்பாலும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஐரோப்பியரும். ஆசியாவிலிருந்து வந்தவர்களை எண்ணினால் இருபது பேர்கூடத் தேறமாட்டார்கள். உலகம் முழுவதையும் கிறிஸ்தவமாக்குவது எப்படி என்று ஆராய வந்தவர்கள், அந்த உலகத்தவரில் மிகச் சிலரையே அழைத்திருந்தார்கள். அப்படி வந்த சிலருள் ஒருவர் அசரியா. அந்நிய ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பது பற்றி ஒரு மாலைக் கூட்டத்தில் பேசும்படி அவரைக் கேட்டிருந்தனர். சென்னை அத்தியட்சராக இருந்த ஹென்றி வைட்ஹெட், உள்ளதை உள்ளபடியே சொல்லுமாறு அவருக்கு ஊக்கமளித்தார்.

இந்த இடத்தில் அவருடைய நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். குருவாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. தம் எதிரே அமர்ந்திருப்பவர்கள்தாம் தம் நாட்டுச் சபைகளுக்குப் பணம் அனுப்புகிறவர்கள், பள்ளிகள் நடத்துகிறவர்கள், பதவிகள் வழங்குகிறவர்கள். இனிமையாக நான்கு வார்த்தை நன்றி சொல்லி அமர்ந்திருந்தால், "பணிவான இந்தியர்" என்ற புகழ் மறுநாளே உலகெங்கும் பரவியிருக்கும்.

அசரியா நன்றியும் சொன்னார். விதிவிலக்கான நல்லவர்கள் பலர் உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. இந்தியாவில் மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே உள்ள உறவு பெரும்பாலும் சம்பளம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உறவாகவே இருக்கிறது. ஒருவர் வீட்டில் ஒருவர் மனம் விட்டுப் பழகுவது அரிதாயிருக்கிறது. இன வேற்றுமை என்னும் பள்ளத்தைத் தூர்க்காமல் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று விளக்கினார். பிறகு, பவுல் அப்போஸ்தலர் அன்பைப் பற்றிச் சொன்னதை நினைவூட்டி முடித்தார். நீங்கள் உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலையும் பலியாகக் கொடுத்தீர்கள் என்று இந்தியத் திருச்சபை தலைமுறை தலைமுறையாக நன்றி கூறும். ஆனால் நாங்கள் உங்களிடம் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற கருத்துப்பட அவர் கேட்டார்.

அவையில் ஒரு நடுக்கம் பரவியது. சிலர் ஆரவாரித்தனர், இந்தியாவிலிருந்து வந்திருந்த மிஷனெரிகள் சிலருக்கு அது பிடிக்கவே இல்லை. அந்த மாநாட்டில் நிகழ்ந்த பேச்சுகளில் இன்றும் எடுத்துப் பேசப்படும் மிகச் சிலவற்றுள் இந்தப் பேச்சும் ஒன்று.

அவர் கேட்டது என்ன என்று கவனிக்க வேண்டும். பணம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. தமக்கென்று எதையும் கேட்காததனாலேயே அவரால் அவ்வளவு வெளிப்படையாகப் பேச முடிந்தது. ஓராண்டுக்கு முன் தோர்ணக்கலுக்குப் போயிராவிட்டால் அந்தப் பேச்சுக்கு அந்த வலிமை வந்திராது என்பது என் கருத்து. வசதியான நகரத்தில் இருந்துகொண்டு சமத்துவம் கேட்பவரை, "இவருக்குப் பதவி ஆசை" என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம். கரிசல் மண்ணிலிருந்து வந்தவரை அப்படித் தள்ள முடியவில்லை.

ஆனால் பதவி அவரைத் தேடி வந்தது. இந்தியர் ஒருவரை அத்தியட்சராக்க வேண்டும் என்று வைட்ஹெட் விடாமல் முயன்றார். இவர் புகழ்பெற்ற தத்துவ அறிஞரும் கணித மேதையுமான ஆல்பிரட் நார்த் வைட்ஹெட்டின் உடன்பிறந்தவர். எதிர்ப்பு இரு பக்கமும் இருந்தது. ஆங்கிலேயர் ஓர் இந்தியருக்குக் கீழ்ப்படிவார்களா என்று மிஷனெரிகள் பலர் கேட்டார்கள். இந்தியருள்ளும், அவருடைய சொந்தத் திருநெல்வேலியிலேயே, இந்த நியமனத்தை விரும்பாதவர்கள் இருந்தார்கள். தம்மவர் ஒருவர் உயர்வதைப் பொறுத்துக்கொள்வது நமக்கு எப்போதுமே கொஞ்சம் கடினம். இவற்றையெல்லாம் கடந்து, 1912 டிசம்பர் 29ஆம் நாள், கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. 1945இல் அவர் மறையும் வரை, இந்தியாவில் ஆங்கிலிக்கன் அத்தியட்சாதீனம் ஒன்றைத் தாமே பொறுப்பேற்று நடத்திய இந்தியர் அவர் ஒருவரே. இந்தச் செய்தி அவருக்குப் பெருமை தருவது. அவருடைய திருச்சபைக்கு அவ்வளவு பெருமை தருவதன்று.

முதலில் அவருக்குக் கொடுக்கப்பட்ட எல்லை மிகச் சிறியது. பரிசோதனைக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சொல்லலாம். 1920ஆம் ஆண்டையொட்டிக் கிருஷ்ணா நதிப் பகுதிகளும் சேர்க்கப்பட்டு, அது பெரியதொரு அத்தியட்சாதீனம் ஆயிற்று. அங்கே ஏற்கெனவே பணியாற்றி வந்த ஆங்கிலேயக் குருமார் அவருடைய அதிகாரத்தின் கீழ் வந்தனர். மாவட்டக் கலெக்டர் முதல் காவல் தலைவர் வரை எங்கும் வெள்ளையர் மேலேயும் இந்தியர் கீழேயும் இருந்த அந்நாளில், ஆங்கிலேயர் ஓர் இந்தியரிடம் உத்தரவு பெற்று வேலை செய்தது எத்துணை புதுமை என்பதை இன்றைய மாணவர்கள் உணர்வது அரிது. "கீழ்ப்படிவார்களா?" என்ற கேள்விக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல, யாரும் விடை தேடவில்லை. கேள்வியே மறைந்துவிட்டது.

அவர் அந்தப் பதவியை எவ்வாறு நடத்தினார்? நிர்வாக அலுவல்கள் பல இருந்தும், ஆண்டின் பெரும்பகுதியைக் கிராமங்களிலே கழித்தார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் போவார். அன்பு அம்மையாரும் உடன் சென்று பெண்களிடையே பணி செய்வார். அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை இல்லை, நிலம் இல்லை, எழுத்து இல்லை. அவ்விரு சாதியாருக்குள்ளேயே ஏற்றத்தாழ்வும் பகையும் இருந்தன. அவர்களை ஒரே திருவிருந்துப் பந்தியில் முழங்காற்படியிட வைப்பது, எடின்பரோவில் பேசுவதைவிடக் கடினமான காரியம்.

அசரியா நான்கு பேய்களை எதிர்த்துப் பேசுவது வழக்கம்: அழுக்கு, நோய், கடன், குடி. வேறு உலகத்துப் பேய்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. இந்த நான்கையும் விரட்ட அவர் கையாண்ட கருவி, கிராமத்துக்கு ஓர் உபதேசியார். அந்த உபதேசியாரே பள்ளி ஆசிரியர். அவரே கடிதம் எழுதித் தருபவர். அவரே கடன் பத்திரத்தைப் படித்துக் காட்டுபவர். அத்தகையவர்களையும் கிராமக் குருமாரையும் அவர் நூற்றுக்கணக்கில் பயிற்றுவித்தார். ஆங்கிலம் தெரிந்தவரே குருவாகலாம் என்ற எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, தெலுங்கிலேயே பாடம் நடத்தி, கிராமத்தாருள்ளிருந்தே கிராமத்தாருக்கு மேய்ப்பரை உண்டாக்கினார். குருத்துவ மாணவர்களின் மனைவியருக்கும் கல்வி உண்டு. கூட்டுறவுச் சங்கங்களும் மருத்துவ விடுதிகளும் தோன்றின.

ஏழைகளிடம் காணிக்கை கேட்கலாமா என்பது அக்காலத்தில் எழுந்த மற்றொரு கேள்வி. கேட்கக் கூடாது, வெளிநாட்டுப் பணம் போதும் என்றவர்கள் இரக்கத்தால்தான் அப்படிச் சொன்னார்கள். அசரியா அதை ஏற்கவில்லை. கொடுக்க இயலாதவன் என்று ஒருவனை முடிவு கட்டுவது அவனைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பது அவர் கொள்கை. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே ஒரு பானையில் போட்டு வைக்கும்படி பெண்களைப் பழக்கினார். அப்பானைகளின் அரிசி சேர்ந்து சபைகளின் செலவுக்கு உதவியது. கிறிஸ்தவர் கொடுக்க வேண்டிய காணிக்கையைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் பிற நாடுகளிலும் பரவியது.

இன்னொரு வழக்கமும் சொல்லத்தக்கது. ஞானஸ்நானம் பெற்றவர்களை எழுந்து நிற்கச் செய்து, அவரவர் கையை அவரவர் தலைமேல் வைத்து, தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும், நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாவிட்டால் தமக்குக் கேடு என்றும் சொல்ல வைப்பார். அத்தியட்சர் ஒருவர் பிறர் தலைமேல் கை வைப்பதே சடங்கின் மரபு. இங்கோ, நேற்று வரை யாரும் தொடத் தயங்கிய ஒரு கூலியாள் தன் கையைத் தன் தலைமேல் தானே வைத்துக்கொண்டு, தனக்கு ஒரு பணி உண்டு என்று சொல்கிறான். தலைவருக்கு நோக்கம் இருப்பது பெரிதன்று. கடைசி மனிதனுக்கும் ஒரு நோக்கம் உண்டென்று அவனையே நம்ப வைத்தாரே, அதில்தான் அசரியாவின் தலைமை இருந்தது. 1930களின் இறுதிக்குள் தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைக் கடந்துவிட்டது. அவரது பேச்சைக் கேட்டு வந்தவர்களைவிட, இந்தக் கூலியாட்கள் சொல்லியும், அவர்கள் வாழ்க்கை மாறியதைப் பார்த்தும் வந்தவர்களே அதிகம்.

இந்த வளர்ச்சி ஒரு பெரிய விவாதத்தையும் எழுப்பியது. தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் வன்மையாகக் கண்டித்தார். ஏழ்மையிலும் அறியாமையிலும் உள்ளவர்களிடம் மதம் மாறும்படி பேசுவது முறையன்று என்பது அவர் வாதம். அசரியாவோ, ஏழைக்கும் ஆன்மாவைப் பற்றி முடிவு செய்யும் அறிவும் உரிமையும் உண்டு என்றார். மாலர், மாதிகரிடம் தோன்றிய மாறுதலைக் கண்டு அவர்களை ஒதுக்கி வைத்திருந்த பிற சாதியாரும் சபைக்கு வரத் தொடங்கியிருப்பதைச் சான்றாகக் காட்டினார். இருவரும் நாட்டை நேசித்தவர்கள். இருவருமே தீண்டாமையை வெறுத்தவர்கள். இருவருள் யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூறுவது இப்பேச்சின் வேலையன்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்தவருக்குச் சட்டமன்றத்தில் தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அசரியா எதிர்த்தார். தொகை பெருகிய சமூகம் ஒன்றின் தலைவர், அத்தொகையை அரசியல் பலமாக மாற்றும் வாய்ப்பை வேண்டாம் என்று சொல்வது அன்றும் அரிது, என்றும் அரிது.

குறைகள் இல்லாதவர் என்று அவரைச் சொல்லவில்லை. ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்திடம் அவருக்கு இருந்த பற்றுச் சிலருக்கு மிகையாகத் தோன்றியது. ஒழுங்கு நடவடிக்கைகளில் கண்டிப்பானவர். தேசிய இயக்கத்தில் ஈடுபட்ட கிறிஸ்தவர் சிலர், "இவர் உள்ளத்தில் பாதி ஆங்கிலேயர்" என்று குறைப்பட்டதும் உண்டு. ஆனால் தோர்ணக்கலில் அவர் எழுப்பிய பேராலயத்தைப் பார்ப்பவர் அப்படி எளிதில் சொல்லமாட்டார். 1939 ஜனவரி 6ஆம் நாள் அர்ப்பணிக்கப்பட்ட அந்தக் கோயிலில் இங்கிலாந்துக் கிராமத்துக் கூம்புக் கோபுரம் இல்லை. இஸ்லாமியக் கட்டடக் கலையின் குவிமாடங்களும், இந்துக் கோயில்களை நினைவூட்டும் கற்றூண்களும், தாமரை வேலைப்பாடும் அங்கே ஒன்றுசேர்ந்து நிற்கின்றன.

அவருடைய கடைசிப் பெரும்பணி திருச்சபை ஒற்றுமை. அதன் பின்னணியைச் சொன்னால்தான் விளங்கும். மேலைநாட்டு மிஷன்கள் தென்னாட்டை மாவட்டம் மாவட்டமாகத் தமக்குள் பிரித்துக்கொண்டிருந்தன. திருநெல்வேலியில் பிறந்த கிறிஸ்தவர் ஆங்கிலிக்கன். நாகர்கோவிலில் பிறந்தால் லண்டன் மிஷன். மதுரையில் பிறந்தால் அமெரிக்க மிஷன். நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் யாரோ போட்ட சண்டையின் பயனாக, பக்கத்து மாவட்டத்து உறவினரோடு திருவிருந்தில் சேர முடியாத நிலை. 1919 மே முதலிரு நாட்களில் தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று பேர் கூடினர். இருவர் தவிர அனைவரும் இந்தியர். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே கடற்கரை ஊர். நம்மைப் பிரித்த பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, நாம் விரும்பியவையும் அல்ல என்று கூறி, ஒன்றுபட்ட திருச்சபைக்கு அழைப்பு விடுத்தனர். அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்களுள் முதன்மையானவர் அசரியா.

பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் நீடித்தது. தடையாயிருந்தவற்றுள் பெரியது, வியப்பாகத் தோன்றலாம், அத்தியட்சர் பதவியேதான். அத்தியட்சர் என்றால் அதிகாரம் செலுத்தும் பிரபு என்று எண்ணிப் பழகிய மற்றச் சபையார், அப்படி ஒருவர் தங்கள்மேல் வருவதை விரும்பவில்லை. அவர்களுக்கு ஏடுகளிலிருந்து எத்தனையோ விளக்கம் கொடுக்கப்பட்டது. மாட்டு வண்டியிலே வந்து இறங்கும் அத்தியட்சர் ஒருவரை அவர்கள் பல ஆண்டுகளாகக் கண்ணால் கண்டுகொண்டிருந்தது, அந்த விளக்கங்கள் அனைத்தையும்விட அவர்கள் அச்சத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

1930களில், இந்து சமயத்தை விட்டு விலகுவதாக அறிவித்திருந்த டாக்டர் அம்பேத்கர் அசரியாவிடம், "எங்கள் மக்கள் கிறிஸ்தவராவதானால் இத்தனை சபைகளுள் எதில் சேர்வது?" என்ற கருத்தில் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. தமக்கு அப்போது விடை தெரியவில்லை, வெட்கமாயிருந்தது என்று அசரியாவே பிற்பாடு பலரிடம் ஒப்புக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் இளைஞராயிருந்தபோது வெட்கப்பட்டவர், அறுபது வயதிலும் வெட்கப்படும் திறனை இழக்கவில்லை. பதவியில் நெடுநாள் இருந்தவர்கள் முதலில் இழப்பது அதைத்தான்.

1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கலில் அசரியா காலமானார். தாம் கட்டிய பேராலயத்தின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஜனவரி மாதத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பொதுமன்றம் கூடி, ஒன்றிணைப்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1947 செப்டம்பர் 27ஆம் நாள், நாடு விடுதலை பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தபோது, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. பல நாட்டுக் குருமாரும் மக்களும் நிறைந்திருந்த அந்தச் சபையில், ஒன்றிணைப்பை அறிவித்த தலைமை அத்தியட்சர் ஆங்கிலேயர் அல்லர். திருவிதாங்கூரைச் சேர்ந்த சி. கே. ஜேக்கப். ஓர் இந்தியர் அங்கே நிற்பதைப் பற்றி அன்று யாரும் வியப்படையவில்லை.